நியாயக் கந்தோரில் ஒரு செத்தவீடு

ஆள் செத்தால் அழலாம், கிரியை செய்யலாம், எட்டாம் நாள் எட்டுக்குப் படைக்கலாம். இதெல்லாம் சுருவில் ஊர்க் கேதீஸ்வரிக்குத் தெரியும். ஆனால் செத்தவீட்டை வீடியோவில் போட்டால், ஊர்காவற்றுறையில் ஒரு அரசாங்கக் கந்தோர் வாசலில் போய் நின்று, புருஷனுக்குக் கிரியை செய்தது நியாயம்தான் என்று நிறுவவேண்டி வரும் என்பதை மட்டும் அந்த மனுசிக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

புருஷன் விநாயகமூர்த்தி ஒருத்தருக்கும் கரைச்சல் கொடுக்காத மனுசன். குருநாகலில் கடை வைத்திருந்து, அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து வெங்காயத் தோட்டம் செய்தவர். ஒருநாள் தண்ணீர் இறைத்த களைப்போடு வந்து கதிரையில் இருந்தவர், பிறகு எழும்பவில்லை. ஒரே மகன் ரஜீபன் பிரான்ஸில். அவனுடைய அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறது. வந்தால் திரும்பிப் போக ஏலாது. போதாக்குறைக்குத் தகப்பனின் பிரேதம் எடுக்கிற அன்றைக்குத்தான் அவனுக்கு அங்கே விசாரணை. வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். வெளியே வந்ததும் பார்க்கிறேன், வீடியோவை மட்டும் விட்டுவிடாதேங்கோ என்று தாயிடம் கெஞ்சிச் சொல்லிவிட்டுப் போனான்.

வீடியோக்காரனோ அன்றைக்குப் பார்த்து வேலணையில் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போய்விட்டான். புருஷனின் தங்கை மகள் கம்சிகாதான் தன் போனைப் பந்தல் காலோடு சேர்த்துக் கட்டி, நேரலையாக விட்டாள். போனில் இடமில்லை, படம் நேரே இணையத்துக்குப் போனது, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கேதீஸ்வரி பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தாள் என்று பேர், கண் முழுக்கப் போனில். சிவப்புப் புள்ளி எரிகிறதோ, யாரும் குறுக்கே நிற்கிறார்களோ, பிள்ளை பார்க்கும்போது தகப்பனின் முகம் தெரியுமோ? இந்த யோசனையில் பாவி மனுசி அழவே இல்லை. பெட்டி தூக்கும்போதுகூட, கம்சிகா, கொஞ்சம் இஞ்சாலை திருப்பு பிள்ளை என்றுதான் சொன்னாள்.

ரஜீபன் விசாரணை முடிந்து வெளியே வந்து பார்த்தால், வீடியோ இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். பதிப்புரிமைக் கோரிக்கை காரணமாக அகற்றப்பட்டது என்று அதற்குள் ஒரு வசனம்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துக் கிரியையில், பெட்டி தூக்குவதற்கு முன் உரலில் சுண்ணம் என்கிற வாசனைப் பொடி இடிப்பார்கள். இடிக்கும்போது பாடுவதற்கு ஒரு பாட்டு இருக்கிறது. பாடின மகான் போய்ச் சேர்ந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல். உரிமை கேட்டு வர அவருக்குப் பேரப்பிள்ளைகளும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கொழும்பில் ஒரு ஒலிப்பதிவுக் கொம்பனி கசெற்றாகப் போட்டிருந்தது. செத்தவீட்டில் கசெற் ஓடவில்லையே, பாடினது நம்முடைய சரவணமுத்தர் அல்லோ என்று கேட்பீர்கள். அங்கேதான் பிழைத்தது. சரவணமுத்தர் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில், அந்தக் கசெற்றைக் கேட்டுக் கேட்டே பாட்டைப் பழகினவர். கசெற்றில் நாடா தளர்ந்து குரல் இழுபடுகிற இடத்தில் அவரும் இழுப்பார். பாடகர் செருமுகிற இடத்தில் அவரும் செருமுவார். தீவு முழுக்க அத்தனை பிரேதத்தையும் அந்தச் செருமலோடுதான் வழியனுப்பி வைத்தவர். வீடியோத் தளத்தின் இயந்திரம் காது கொடுத்துக் கேட்டது, இது கொம்பனியின் ஒலிப்பதிவேதான் என்று தீர்த்துவிட்டது.

சரவணமுத்தருக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் அந்தப் பெரிய பாடகருக்கும் வித்தியாசம் இல்லையெண்டு மெஷினே சொல்லிப்போட்டுது என்று சந்தியில் நின்று பீற்றிக்கொண்டார்.

கேதீஸ்வரியின் பாடு அப்படி இல்லை. ரஜீபன் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தான். எடுத்ததும், அப்பா தோட்டத்துக்குப் போயிட்டாரோ என்று கேட்டான். கேட்டுவிட்டு, பிறகு நினைவு வந்து போனை வைத்தான். பெடியனுக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. காணாததை மனம் எப்படி ஏற்கும்? தகப்பன் படுத்திருக்கிறதை ஒருதரம் கண்ணால் கண்டால் அழுது முடிப்பான், ஆறுவான். அதைக் காட்டாமல் இந்தப் பிள்ளையை எப்படி ஆற்றுவது என்று தாய் கம்சிகாவைப் பிடித்தாள்.

கம்சிகா தளத்துக்கு எழுதிப் பார்த்தாள். பதில் உடனே வந்தது. மாத முடிவுக்குள் உள்ளூர் அதிகார சபை, இது நியாயமான பயன்பாடு என்று தீர்மானித்தால் வீடியோ திரும்பப் போடப்படும்; இல்லையென்றால் அடியோடு அழிக்கப்படும். உள்ளூரில் அப்படி ஒரு சபை இருக்குமென்று யார் கண்டது? இருந்தது. அதற்குப் பேர், எண்ணிமப் படைப்புகளின் நியாயமான பயன்பாட்டை நிர்ணயிக்கும் தீவகச் சபை. ஒரே மூச்சில் சொல்ல ஏலாதபடியால் சனம் நியாயக் கந்தோர் என்று சொன்னது.

கந்தோர் வாசலில் ஒரு பெரிய பதாகை: அடுத்தவர் படைப்பைத் திருடாதீர். அதிலிருந்த படத்தை எங்கோ இணையத்தில் சுட்டிருந்தார்கள். படத்துக்குச் சொந்தக்காரக் கொம்பனியின் பேர் குறுக்காலும் மறுக்காலும் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே போனதும் வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டிக் கையேடு கொடுத்தார்கள். அதுவும் ஏதோ வெளிநாட்டில் சுட்டதுதான். முறைப்பாட்டாளர்கள் சுரங்க ரயிலின் நான்காவது நிலையத்தில் இறங்கி வரவும் என்று அதில் இருந்தது. கேதீஸ்வரி தான் பஸ்ஸில் வந்தது பிழையாக்கும் என்று பயந்துபோனாள்.

சபையின் தலைவர் மரியநாயகம். பெரிய மேசை, அதன்மேல் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே அவரே சிரிக்கிற படம். பக்கத்தில் சட்ட உத்தியோகத்தர் கோசலா. மூலையில் அபிவிருத்தி உத்தியோகத்தர் நிரோஜன், அபிவிருத்தி செய்ய ஒன்றும் இல்லாமல் மின்விசிறியைப் பார்த்தபடி. கேதீஸ்வரி போனை நீட்டி, சபை மட்டும் திறந்து பார்க்கலாம் என்று தளம் தந்த இணைப்பைக் காட்டி, ஒருக்காப் பாருங்கோ ஐயா என்றாள். தலைவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"எங்கடை சபையைப் பற்றி உங்களுக்கு விளங்கவேணும், அம்மா. இண்டுவரைக்கும் எங்களிட்டை வந்த ஒரு படைப்பையும் நாங்கள் பாத்ததில்லை. பாத்தா அதுவும் ஒரு பயன்பாடு. அது நியாயமான பயன்பாடோ எண்டு தீர்மானிக்க இன்னொரு சபை வேணும். அதுக்கு இன்னும் நிதி வரேல்லை. இந்தக் கொள்கையாலைதான் போன வருஷம் நாங்கள் ஒரு பிழையான தீர்ப்பும் குடுக்கேல்லை. சரியான தீர்ப்பும் குடுக்கேல்லைத்தான், ஆனா அதை ஒருத்தரும் கேக்கிறதில்லை."

பிறகு கோசலா விசாரணையைத் தொடங்கினாள். நியாயமான பயன்பாடு என்றால் நாலு விஷயம் பார்க்கவேண்டுமாம். என்ன நோக்கத்துக்கு எடுத்தது, எடுத்த படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தது, எடுத்ததால் அதன் சந்தைக்கு என்ன நட்டம். இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்ல சட்டம் போலத்தான் இருந்தது. சட்டத்தைக் குறை சொல்லக்கூடாது. அது அகப்பட்ட கைதான் அப்படி.

செத்தவீட்டால் ஏதும் வருமானம் வந்ததோ என்று கோசலா கேட்டாள். இல்லை என்றாள் கேதீஸ்வரி. பாட்டு முழுக்க வேணுமோ, கொஞ்சமாகப் பாடி முடித்திருக்க ஏலாதோ? சுண்ணம் இடிபடும் மட்டும் பாடவேணும் பிள்ளை. இந்தச் செத்தவீட்டைப் பார்த்தவர்கள், பாட்டைத்தான் கேட்டாயிற்றே என்று பிறகு கசெற் வாங்காமல் விட்டிருப்பார்களோ? கேதீஸ்வரி நெடுநேரம் யோசித்தாள். வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். கசெற் போடுகிற பெட்டி ஒருவர் வீட்டிலும் இல்லை என்றாள். அப்படியானால் சந்தை ஏற்கெனவே நலிந்த நிலையில் இருந்தது, செத்தவீடு அதை மேலும் நலிவடையச் செய்திருக்கலாம் என்று கோசலா எழுதிக்கொண்டாள்.

கடைசியாக, எடுத்த படைப்பை அப்படியே எடுத்தீர்களா, புதிதாக ஏதும் செய்தீர்களா என்பதும் முக்கியம் என்றாள்.

"அந்தப் பாட்டோடை நீங்கள் புதிசா என்ன சேர்த்தனீங்கள்?"

"என்ரை மனுசனை," என்றாள் கேதீஸ்வரி.

நிரோஜன் மின்விசிறியை விட்டுத் தரையைப் பார்த்தான்.

தலைவர் தொண்டையைச் செருமி, படத்தைப் பார்க்கவும் ஏலாது, பார்க்காமல் தீர்க்கவும் ஏலாது, ஆகவே சம்பவத்தை இங்கே சபை முன்னிலையில் திரும்பச் செய்து காட்டவேண்டும் என்றார். உரல், உலக்கை, பாடினவர், தலைமாட்டில் இருந்தவர் எல்லாரும் அடுத்த கிழமை வரவேண்டும். சபை அதைத் தன்னுடைய கமராவில் பிடித்து, சபைக்குச் சொந்தமான அந்த வீடியோவை ஒரு பயமும் இல்லாமல் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். இதைச் சொல்லும்போது மனுசனின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கேதீஸ்வரிக்கு இது கூத்தாகத்தான் பட்டது. ஆனாலும் பிள்ளைக்காக என்று ஒத்துக்கொண்டாள். சொன்ன நாளில் உரலை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, சரவணமுத்தரையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே போனதும் சரவணமுத்தர் ஒரே பிடியாய் நின்றார். பிரேதம் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டைப் பாடமாட்டாராம். பாடினால் பாட்டு தானே ஒரு ஆளைத் தேடிப் போகுமாம். இதைக் கேட்ட உத்தியோகத்தர்கள் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார்கள். பிறகு பிரேதமாக யார் கிடப்பது என்று பெரிய ஆலோசனை நடந்தது. தலைவர் கிடந்தால் அமர்வுக்குத் தலைமை இல்லாமல் போகும். கோசலா கிடந்தால் குறிப்பு எடுக்க ஆளில்லை. தலைமை லிகிதருக்கு வேலையிலிருந்து இளைப்பாற இன்னும் கொஞ்சக் காலந்தான், அதற்குள் இப்படி ஒரு அபசகுனம் வேண்டாம் என்று கும்பிட்டார். இப்படியே பதவி ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள்.

"நிரோஜன், நீர் படும்," என்றார் தலைவர். "இது உம்மடை சேவைக் குறிப்பிலை நல்லதா வரும்."

பாவம், நிரோஜன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாங்குப் பலகையில் நீட்டிப் படுத்தான். கழுத்தில் தொங்கின அடையாள அட்டையைக் கழற்ற மறந்துபோனான். பியோன் உலக்கையைப் பிடித்தான். சரவணமுத்தர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

கேதீஸ்வரி தலைமாட்டில் இருந்தாள். இந்தமுறை போனைப் பார்க்கிற வேலை அவளுக்கு இல்லை, அது சபையின் வேலை. யார் குறுக்கே நின்றாலும் சபை பார்த்துக்கொள்ளும். பார்க்க வேறொன்றும் இல்லாமல் வாங்கில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். உலக்கை உரலில் விழுந்தது. சரவணமுத்தர் அந்த இழுக்கிற இடத்துக்கு வந்து இழுத்தார். அப்போதுதான் அவளுக்கு விநாயகமூர்த்தி செத்துப்போனார் என்பது வந்து அடித்தது. "இஞ்சாருங்கோ, ஒருக்கா எழும்புங்கோவன், பிள்ளை கேக்கிறான்," என்று சொல்லி, வாங்கின் விளிம்பில் தலையை அடித்து அழத் தொடங்கினாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. பியோன் உலக்கையை நிறுத்தினான். தலைவர் கையைக் காட்டி, தொடரட்டும் தொடரட்டும் என்றார். கோசலா, மேலதிக ஒலி உண்டு என்று குறித்தாள். பிரேதமாகக் கிடந்த நிரோஜனின் கடைக்கண்ணால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்தால் அசைவாகிவிடும் என்று அவன் துடைக்கவில்லை.

இனித் தீர்ப்பு வரவேண்டியதுதானே? வராது. அடுத்த நாள் தலைமை லிகிதர் கந்தோர் வாசலில் நின்று உள்ளே வரமாட்டேன் என்றார். பாட்டுப் பாடியாச்சு, சுண்ணம் இடிச்சாச்சு, ஆளும் கிடந்தது, பெண்சாதியும் அழுதது. இதற்குமேல் செத்தவீடு என்று எதைச் சொல்வது? கந்தோருக்குத் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை ஒரு கடதாசிக் கோவையையும் தொட ஏலாது என்றார். மற்றவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. சம்பளத்தோடு வருகிற துடக்கை யார்தான் வேண்டாம் என்பார்கள்? மரியநாயகம் கிறிஸ்தவ வேதக்காரர், அவருக்குத் துடக்கு இல்லை. ஆனாலும் எல்லா மதத்தின் உணர்வுகளையும் மதிக்கிற சபை இது என்று சொல்லி, எல்லாருக்கும் முன்னால் தானே வீட்டுக்குப் போனார்.

கேதீஸ்வரி வந்து பார்த்தாள், பூட்டு. மறுபடி வந்தாள், பூட்டு. அவளுடைய வீட்டில் அந்தியேட்டி முடிந்து துடக்குக் கழிந்துவிட்டது. கந்தோரின் துடக்குக் கழியவில்லை. மாதமும் முடிந்தது. தளம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. விநாயகமூர்த்தியின் செத்தவீடு உலகத்தில் ஓரிடத்திலும் இல்லாமல் போனது. அன்றைக்குக் கம்சிகா சொல்லச் சொல்ல, கேதீஸ்வரி அடுப்படியில் அப்படியே குந்திவிட்டாள். மகனுக்கு என்ன சொல்வது? உன் தகப்பனைக் காட்ட வழியில்லை மோனை என்று எந்த வாயால் சொல்வது? அன்றைக்கு வந்த போனை அவள் எடுக்கவில்லை.

கந்தோரின் அந்தியேட்டி வெகு சிறப்பாக நடந்தது. மரக்கறிச் சாப்பாடு, வடை, பாயாசம். நிரோஜன் தன்னுடைய அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குத் தானே இலை போட்டான். இடையில் கேதீஸ்வரியை அழைத்து, தலைவர் எழும்பி நின்று தீர்ப்பை வாசித்தார்.

"மூண்டு விஷயத்திலை சபைக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. நாலாவதிலை குழப்பமே இல்லை. குறித்த வீடியோ இப்ப எங்கையும் இல்லாதபடியால், அதாலை ஆரின்ரையும் சந்தைக்கு ஒரு நட்டமும் வர ஏலாது. ஆகவே இது முற்றுமுழுதாக நியாயமான பயன்பாடு. எங்கடை சபை குடுத்த முதலாவது தீர்ப்பு உங்கடைதான், அம்மா. வாழ்த்துக்கள்."

எல்லாரும் எச்சில் கையோடு தட்ட முடியாமல் தலையை ஆட்டினார்கள். கேதீஸ்வரி எழும்பி வெளியே வந்தாள். பஸ் தரிப்பில் நிற்கும்போது நிரோஜன் பின்னால் ஓடி வந்தான். சபை பிடித்த வீடியோவின் பிரதி தன்னிடம் இருக்கிறது என்றும், கம்சிகாவின் இலக்கத்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்றும் சொன்னான். எனக்காக ஒருத்தரும் அப்பிடி அழுததில்லை அம்மா, அது உங்களுக்குச் சேரவேணும் என்றான். சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

கேதீஸ்வரி அதை மகனுக்கு அனுப்பினாள். அனுப்பவேண்டாம் என்று கம்சிகா தடுத்தாள். கந்தோர் வாங்கில் அடையாள அட்டையோடு கிடக்கிற ஒருத்தனைக் காட்டி, இதுதான் உன் அப்பா என்று சொல்வதோ என்று கேட்டாள். வேறு என்ன இருக்கு என்றாள் கேதீஸ்வரி. அனுப்பிவிட்டுப் போனைக் கையில் வைத்தபடி இருந்தாள். நேரம் போய்த்தான் மகன் எடுத்தான்.

"அம்மா, கிடக்கிற ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியாது," என்றான். "ஆனா நீங்கள் அழுறது அப்பாவுக்குத்தான்."

சொல்லிவிட்டு உடைந்து அழுதான். அங்கே அவன் இருக்கிற அறையில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், ஒருவரையும் பார்க்காமல் குழறினான். தாய் தடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவன் தகப்பனைப் பற்றிக் கதைக்கும்போது, இருந்தவர், செய்தவர் என்றுதான் கதைத்தான்.

இத்தோடு சபை சும்மா இருந்திருக்கலாம். சபைகளுக்கு அது தெரியாதே. பிரான்ஸில் அந்த வீடியோவை ரஜீபனின் அறைக்காரர்கள் பார்த்து, ஒருத்தருக்கொருத்தர் அனுப்பி, அது சுற்றிச் சுற்றி மரியநாயகத்தின் போனுக்கே வந்து சேர்ந்தது. சபைக்குச் சொந்தமான படைப்பை, அதுவும் முழுவதையும், அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பாவித்தது என்று கேதீஸ்வரிக்கு அழைப்பாணை. இந்தமுறை அவள் தனியத்தான் போனாள். பயம் இல்லை. ரஜீபன் அழுது முடித்தபிறகு அவளுக்கு என்ன பயம்?

கோசலா, முழுவதையும் அனுப்பினீர்களா என்று கேட்டாள்.

"ஓம், முழுக்க அனுப்பினனான். அழுகை என்ரை. மிச்சத்தை நீங்கள் எடுங்கோ."

சபை கூடி ஆராய்ந்தது. அழுகை யாருடையது? கந்தோர் நேரத்தில், கந்தோர் வாங்கில், கந்தோர் கமராவுக்கு முன்னால் அழுதபடியால் அது சபைக்குச் சொந்தம் என்றாள் கோசலா. அதற்கு முன்பே அம்மாவிடம் இருந்த அழுகை என்றால் சங்கதி வேறு என்று நிரோஜன் மெதுவாகச் சொன்னான். அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டார். அழுகை தன்னுடையது என்று சொல்கிறவர் அசலைக் காட்டவேண்டும். அடுத்த அமர்வில் சபைக்கு முன்னால் அதே மாதிரி ஒருக்கா அழுது காட்டினால், இரண்டையும் ஒப்பிட்டு முடிவு சொல்லிவிடலாம் என்றார்.

கேதீஸ்வரி எழும்பிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அதுக்கு ஆராவது உண்மையாச் சாகவேணும், ஐயா," என்றாள். "ஆரெண்டு சொல்லுங்கோ, சரவணமுத்தண்ணையைக் கூட்டிக்கொண்டு வாறன்."

சொல்லிவிட்டு, அவசரப்படாமல், தலைவரைப் பார்த்தாள். பிறகு கோசலாவைப் பார்த்தாள். பிறகு தலைமை லிகிதரைப் பார்த்தாள். நிரோஜனை மட்டும் விட்டுவிட்டாள்.

வழக்கு அந்த நிமிஷமே ஒருமனதாகத் தள்ளுபடி செய்யப்பட்டது.